கைராசி இல்லாத அக்கா

ஃப்ளொப்பி டிஸ்கின் தகரக் கதவை இழுத்து இழுத்து விட்டு விளையாடியவர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அவர்களுக்கு எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது. நமக்கு வயதாகிறது. போன வாரம் கண் வைத்தியர் எனக்கு வாசிப்புக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். அதை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், மகனின் லேப்டொப் திடீரென்று நீலத் திரையைக் காட்டிவிட்டு நின்றுபோயிருந்தது. அவன் என்னைப் பார்த்துக் கேட்டான்: "அம்மா, நீங்க தொட்டீங்களா?"

அந்தக் கேள்வியைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இதை உட்கார்ந்து எழுதுவதாகச் சொல்ல முடியாது. நான்கு வரி எழுதுகிறேன், எழுந்து போய் ஜன்னலைச் சாத்துகிறேன், திரும்ப வருகிறேன். அக்கா உட்கார்ந்து வேலை செய்த கதிரையை எங்கள் வீட்டார் பறித்துக்கொண்ட அந்த மழைக்காலத்திலும் நான் இப்படித்தான் இருந்தேன்.

அப்பா இரத்தோட்டைக் கடைவீதியில் ஸ்டூடியோ வைத்திருந்தார். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. ஞாயிற்றுக்கிழமையானால் தேயிலைத் தோட்டங்களிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் அடையாள அட்டைக்குப் படம் பிடிக்க எங்கள் வாசலில் வரிசையாக நிற்பார்கள். எல்லாருக்கும் ஒரே சீப்பு, ஒரே பவுடர் டப்பா, ஒரே கறுப்புக் கோட்டு. தேங்காயெண்ணெயும் ஈரக் குடையும் கலந்த அந்த வாசம் இன்றும் என் மூக்கில் இருக்கிறது. ரிவர்ஸ்டன் மலைப் பக்கமிருந்து மூடுபனி இறங்கிவிட்டால் எதுவும் காயாது. நெருப்புக்குச்சி பற்றாது. அடுப்படியில் உப்புப் போத்தலுக்குள் உப்பு தண்ணீராகக் கசிந்து நிற்கும்.

அப்பாவுக்குக் கைராசியில் அசைக்க முடியாத நம்பிக்கை. ஒவ்வொரு நாளும் முதல் படத்தை அம்மாதான் எடுக்க வேண்டும். அம்மா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கெமராவின் பொத்தானை ஒரு அமுக்கு அமுக்கிவிட்டுப் போவார். படத்தில் பாதித் தலை வெட்டுப்பட்டிருக்கும், பரவாயில்லை, அது ராசிப் படம். அதற்குப் பிறகு அப்பா ஒழுங்கான படம் ஒன்று எடுப்பார். தோட்டத்துச் சனம் இதை ஒரு நாளும் வினோதமாகப் பார்த்ததில்லை. "அம்மா கையால எடுத்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஸ்டூலில் உட்காருவார்கள்.

கடைக்குக் கொம்பியூட்டரும் டிஜிட்டல் கெமராவும் வந்தபோது அதன் முன்னால் இருந்த கதிரை அக்காவுக்குப் போனது. அவள்தான் மாத்தளைக்குப் போய் கொம்பியூட்டர் வகுப்புப் படித்து முடித்திருந்தாள். கலியாணப் படங்களைத் திறந்து, முகப்பரு நீக்கி, பின்னால் தெரிகிற தகரக் கொட்டிலை மறைத்து அருவியாக்கி விடுவாள். அவளுக்கும் எனக்கும் நடுவில் பிறந்த அண்ணன், சாயந்தரம் வந்து கடிதங்களும் வேலை விண்ணப்பங்களும் தட்டச்சு செய்து கொடுப்பான். வீட்டில் அந்தக் கதிரையை எல்லாரும் அக்காவின் கதிரை என்றுதான் சொன்னோம். எனக்கு அதில் அவ்வளவு பெருமை.

பெருமை மழை வரும்வரைதான் இருந்தது. அக்கா படத்தைத் திறப்பாள், வேலை பாதியில் இருக்கும், நீலத் திரை விழும். மறுபடி போடுவாள், ஓடும், மறுபடி விழும். சில நேரம் மணமகளின் கன்னத்தில் பச்சையும் ஊதாவுமாகக் கோடு கோடாக விழுந்திருக்கும். அதே கதிரையில் அண்ணன் உட்கார்ந்து கடிதம் அடித்தால் ஒரு குழப்பமும் இல்லை. அவன் விசில் அடித்துக்கொண்டே முடித்துவிட்டு எழுந்து போவான். இதை எல்லாரும் பார்த்தோம். பார்த்த பிறகு அப்பா வேறெதையும் யோசிக்கவில்லை.

ஆனாலும் நியாயத்துக்காக மெஷினைச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்து, மாத்தளையில் வாங்கின கடைக்கே கொண்டுபோனார். அங்கே காற்றாடிக்குக் கீழே வைத்து ஓட்டினால் அது ஓடிக்கொண்டே இருந்தது. அங்கிருந்த சிங்களப் பையன் மூடியைக்கூடக் கழற்றாமல், "பிரஷ்னயக் நே, மாத்தயா," பிரச்சினை ஒன்றும் இல்லை ஐயா, என்று சொல்லிச் சிரித்து அனுப்பிவிட்டான். அப்பா வீட்டுக்கு வந்து அதை இறக்கி வைத்தார். பனிக்குள் ஓர் இரவு இருந்த மெஷின் அடுத்த நாள் அக்கா தொட்டதும் விழுந்தது.

"அங்க நல்லாத்தானே ஓடுச்சு," என்றார் அப்பா. "ஒன் தம்பிக்கும் நல்லாத்தானே ஓடுது. சில பேருக்கு கைராசி இல்ல. அதுக்கு யாரு என்னா செய்ய முடியும்?"

கோபமாகச் சொல்லியிருந்தால்கூட அக்கா தாங்கியிருப்பாள். அவர் இரக்கத்தோடு சொன்னார்.

அம்மா தன் வழியில் வைத்தியம் தொடங்கினார். வஹகோட்டை அந்தோனியார் கோயில் திருவிழாவுக்குப் போனால் ஒரு போத்தல் தீர்த்தம் கொண்டுவருவது அம்மாவின் வழக்கம். செவ்வாய்க்கிழமை அந்தோனியார் செபம் முடிந்ததும் அதை எடுத்து, கண்ணூறு கழிய அடுப்படி உப்பு ஒரு பிடி போட்டுக் கலக்கி, வீட்டு மூலைகளில் தெளிப்பார். உப்பு போடச் சொல்லி எந்தச் சாமியாரும் சொன்னதில்லை, அது அம்மாவின் சொந்தச் சேர்க்கை. மெஷின் வந்ததிலிருந்து அதற்கும் ஒரு தெளிப்பு கிடைத்துக்கொண்டிருந்தது. மழை தொடங்கி நீலத் திரை விழ விழ, செவ்வாய் போதாமல் வெள்ளியும் தெளித்தார், பிறகு நினைத்த நேரமெல்லாம் தெளித்தார். மூடியில் காற்றுப் போக வைத்திருந்த ஓட்டைகள் அம்மாவுக்கு வசதியாக இருந்தன.

அந்த நேரம் பார்த்துத்தான் தோட்டத்துக் காவல்காரர் வீட்டுக் கலியாணம் வந்தது. காவல்காரருக்கு முன்பல் ஒன்றுகூடக் கிடையாது. மகள் கலியாணத்துக்கென்று பல்செட் கட்டிக்கொண்டு வந்து, அப்பாவின் கெமராவைப் பார்த்து வாய் கொள்ளாமல் சிரித்தார். படங்களைக் கொம்பியூட்டருக்கு ஏற்றினோம். அடுத்த வேலைக்காகக் கெமரா அட்டையில் இருந்த படங்களை அப்பா அழித்துவிட்டார். பிறகு அக்கா திறந்தால், படத்துக்குப் படம் கோடு. மணமக்களின் முகம் ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமுமாக நகர்ந்து கிடந்தது. சில படங்கள் திறக்கவே இல்லை.

அப்பா வெட்கத்தில் செத்துப்போனார் என்றே சொல்ல வேண்டும். தன் செலவில் பஸ் காசு அனுப்பி, பொண்ணு மாப்பிள்ளையை ஸ்டூடியோவுக்கு வரவழைத்து, மறுபடியும் கலியாணக் கோலம் போட வைத்தார். பூச்சி உருண்டை மணக்கிற சேலை, பிளாஸ்டிக் மாலை. மாப்பிள்ளைக்கு அதற்குள் மீசை வேறு எடுத்தாயிற்று, அப்பா மை தீட்டி ஒன்று வரைந்தார். நான் சிரித்துத் தொலைத்து அம்மாவிடம் குட்டு வாங்கினேன். காவல்காரர் மட்டும் வரவில்லை. நெஞ்சுச் சளி என்று ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து அவர் வீடு திரும்பவே இல்லை.

அவருடைய மனைவி வெள்ளைச் சேலையில் வந்து எங்கள் கடைப் பெஞ்சில் உட்கார்ந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முப்பத்தோராம் நாளுக்கு வைக்க ஒரு படம் வேண்டும் என்றார். அடையாள அட்டைப் படம் இளவட்டத்தில் எடுத்தது, ஆளே தெரியவில்லை.

"கலியாணத்துல சிரிச்சாரே ஐயா. அதுல ஒண்ணாச்சும் இருக்காதா? நாளைக்கு எம் பேரப்புள்ளைக்கு காட்ட வேணாமா?"

"பாக்குறேம்மா" என்றார் அப்பா. அவருக்குத் தெரியும், எதுவும் இல்லை என்று. கெட்டுப்போன படங்களை எல்லாம் அழித்துவிடும்படி அக்காவிடம் அவரே முன்பே சொல்லியிருந்தார்.

அந்த அம்மா போனதும் அப்பா முடிவைச் சொன்னார். இனி அண்ணன்தான் கதிரையில் இருப்பான், படவேலையை மெதுவாகப் பழகிக்கொள்வான். அக்காவைக் கொழும்புப் பக்கம் இருக்கிற சித்தி வீட்டுக்கு அனுப்பி, கார்மெண்ட் வேலைக்குச் சேர்க்க வேண்டும். சித்தி அடுத்த வாரக் கடைசியில் வந்து கூட்டிக்கொண்டு போவார். அக்கா கதிரையை மேசைக்குள் தள்ளிவிட்டு உள்ளே போய்ப் பாத்திரம் கழுவத் தொடங்கினாள். ஏற்கெனவே கழுவின பாத்திரங்கள் அவை. அம்மா அப்பாவை எதிர்த்து ஒரு சொல் பேசவில்லை. அதற்காக எனக்கு அம்மாமேல் வெகுநாள் கோபம் இருந்தது.

படக் கடதாசி வாங்க அப்பா எங்கள் இருவரையும் மாத்தளைக்கு அனுப்பினார். கடதாசி வாங்கியதும் அக்கா என்னை இழுத்துக்கொண்டு கொம்பியூட்டர் கடைக்குப் போனாள். அதே பையன் மீன் வைத்த மாலு பாண் தின்றுகொண்டிருந்தான்.

"ரேம் டெஸ்ட் பண்ற ஃப்ளொப்பி வேணும்," என்றாள் அக்கா. வகுப்பில் அதைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறாள்.

"அந்த மெஷின்ல ஒண்ணும் இல்ல நங்கி. இங்க நல்லா ஓடினதுதானே?"

"அதான் கேக்குறேன். இங்க வராத சீக்கு அங்க வருது. அங்க வச்சு பாக்கணும்."

அவன் தோளைக் குலுக்கிவிட்டு ஒரு ஃப்ளொப்பியில் பதிந்து கொடுத்தான். திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா அதைத் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள். நான் அதன் தகரக் கதவை இழுத்துப் பார்க்கக் கேட்டேன். தரவில்லை.

சனிக்கிழமை அப்பாவும் அண்ணனும் ஒரு சடங்கு வீட்டுக்குப் படம் பிடிக்கப் போனார்கள். வெளியே எதிர்க்கடை தெரியாத அளவுக்குப் பனி. அக்கா ஃப்ளொப்பியைச் சொருகி மெஷினைப் போட்டாள். நீலத் திரை வந்தது. ஆனால் இது வேறு நீலம். மேலே சதவீதம் ஏறிக்கொண்டிருந்தது.

"இனி எதையும் தொட வேணாம், அதுவே ஓடும். நீதான் சாட்சி, நல்லா பாத்துக்க," என்று சொல்லிவிட்டு அக்கா ஒரு காரியம் செய்தாள். இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து, தன் கைகளின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

சாட்சிக்கு என்னைப் பிடித்தது அவளுடைய கெட்ட காலம். என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. வாசலுக்கு ஓடி அப்பா வருகிறாரா என்று பார்ப்பேன், திரும்ப ஓடி வந்து திரையைப் பார்ப்பேன். பாதி தூரம் சதவீதம் சுத்தமாகப் போனது. பாதியைத் தாண்டியதும் கீழே ஒரு சிவப்பு வரி விழுந்தது. அதன் கீழே இன்னொன்று. பிறகு திரை நிறையச் சிவப்பு.

"பாத்தியா?" என்றாள் அக்கா. "நான் கையே வைக்கலடி."

எனக்கு அவள் அன்று விளக்கியதை அப்படியே சொல்கிறேன். ரேம் என்பது கொம்பியூட்டரின் வேலை மேசை மாதிரி. வேலை நடக்கும்போது எல்லாவற்றையும் அதில்தான் பரப்பி வைக்கும். எங்கள் மெஷினில் இரண்டு ரேம் பட்டைகள் இருந்தன. அண்ணனின் கடிதத்துக்கு முதல் பட்டையே எதேஷ்டம். அக்காவின் படங்கள் பெரியவை, முதலாவது நிறைந்து இரண்டாவதுக்குப் போகும், கோளாறு அங்கேதான் இருந்தது. கைராசிக்காரன் என்று பெயர் வாங்கிய அண்ணன், கெட்டுப்போன பக்கத்துக்கு ஒரு நாளும் போகவே இல்லை. பாரமான வேலை செய்கிறவள்தான் அங்கே போய் விழுந்தாள். இதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எத்தனை வீடுகளில், எத்தனை கந்தோர் மேசைகளில் இதே தீர்ப்பை இதே மாதிரிச் சொல்லியிருப்பார்கள்.

அக்கா அத்தோடு விடவில்லை. மின்சாரத்தை நிறுத்தி, மூடியைக் கழற்றி, பட்டைகளை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள். எந்தப் பட்டையை முதல் இடத்தில் சொருகினாலும் சுத்தமாக ஓடியது. எந்தப் பட்டையை இரண்டாவது இடத்தில் சொருகினாலும் சிவப்பு வந்தது. அப்படியென்றால் பட்டையில் குற்றம் இல்லை, சொருகுகிற இடத்தில்தான்.

"டோர்ச்ச புடி" என்றாள். பிடித்தேன். அந்த நீளமான பள்ளத்தின் ஒரு கோடியில் வெள்ளையாக, கொஞ்சம் பச்சையும் கலந்து, ஏதோ பூத்திருந்தது. அது ஈரமாகவும் இருந்தது. வெள்ளையாக இருந்த ஓரத்தை அக்கா விரல் நுனியால் ஒற்றி நாக்கில் வைத்தாள். உடனே துப்பினாள்.

"என்னா அக்கா?"

"உப்பு," என்று சொல்லி மூடியைத் தூக்கிப் பார்த்தாள். காற்றோட்டைகளுக்கு நேர் கீழேதான் அந்த இடம் வருகிறது. பிறகு சுருபத் தட்டில், அந்தோனியாரின் காலடியில் இருந்த போத்தலைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். எனக்குப் புரிந்துவிட்டது: அடுப்படி உப்பு மாதிரியே இதுவும் பனியில் கசிந்து, மாத்தளைக் காற்றாடிக்குக் கீழே காய்ந்திருக்கிறது. "அம்மா!" என்று கத்த வாயைத் திறந்தேன். அக்கா பாய்ந்து என் வாயைப் பொத்தினாள். பின்பக்கம் அம்மா தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"சொன்னேன்னு வையி, கொன்னுருவேன்," என்றாள் காதுக்குள்.

அப்பாவின் மருந்துப் பெட்டியிலிருந்த ஸ்பிரிட்டும் ஒரு பழைய டூத் பிரஷ்ஷும் எடுத்து அந்த இடத்தைத் தேய்த்தாள். பட்டையின் தங்க நிறப் பற்களை என் அழிறப்பரால் துடைத்தாள். எல்லாவற்றையும் அடுப்படி அனலுக்குப் பக்கத்தில் காய வைத்து, திரும்பப் பொருத்தி, டெஸ்ட்டை மறுபடி ஓட விட்டாள். சதவீதம் பாதியை நெருங்கியபோது வாசலில் குடை மடக்கும் சத்தம் கேட்டது.

"யாரு அந்தக் கதிரையில?"

"நான்தாம்பா."

"எந்திரி. நான் சொன்னது வெளங்கலையா ஒனக்கு?"

"முடியட்டும்பா. இது மட்டும் முடியட்டும். நான் ஒண்ணையும் தொடல, பாருங்க."

அக்கா மறுபடியும் கைகளின் மேல்தான் உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்து அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். அவருடைய குடையிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் ஓடியது. அண்ணன் கெமராப் பெட்டியை இறக்கவும் மறந்து நின்றான். பாதி தாண்டியது. சிவப்பு வரவில்லை. முழுவதும் ஓடி முடிந்தது. பிழை பூச்சியம் என்று திரை சொன்னது.

அக்கா ஃப்ளொப்பியை எடுத்துவிட்டு மெஷினை வழக்கம்போல் போட்டு, காவல்காரர் வீட்டுக் கலியாணத்தைத் திறந்தாள். அழிக்கச் சொன்ன படங்களை அவள் அழித்திருக்கவில்லை. முதல் படத்தில் அதே கோடுகள். ஏற்றும்போதே கெட்டுப்போனது அது. அப்பா உச்சுக்கொட்டினார். அடுத்ததும் கோடு. அதற்கடுத்தது முழுசாக வந்தது. ஹார்ட் டிஸ்கில் பத்திரமாக இருந்த படத்தைத்தான் திரைக்குக் கொண்டுவரும் வழியில் இத்தனை நாளும் மெஷின் கெடுத்துக் காட்டியிருக்கிறது. அக்கா வேகவேகமாகத் தட்டிக்கொண்டே போனாள். வந்தார் காவல்காரர். மகள் தோளில் கையைப் போட்டு, புதுப் பல் அத்தனையும் தெரியச் சிரித்துக்கொண்டு, ஒரு கோடு இல்லாமல்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா அழவில்லை.

"என்னா செஞ்ச?" என்றார் அப்பா, மெதுவாக.

"ரேம் சொருகுற எடத்துல ஈரம்பா. மழக்காலம்தானே. தொடச்சு விட்டேன்."

தேங்காய்ப் பூ ஒட்டின கையோடு அம்மா கதவடியில் வந்து நின்றிருந்தார். அக்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அப்பா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மடக்கின குடையை மறுபடி விரித்தார்.

"எங்க போறீங்க, இந்த மழையில?" என்றார் அம்மா.

"சித்திக்கு போன் ஒண்ணு பேசணும். வர வேணாம்னு சொல்லணும்."

மன்னிப்பு என்று அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. அந்தத் தலைமுறை அப்பாமார் அப்படித்தான், உங்களுக்கே தெரியும். மழையில் நனைந்து போன் பேசப் போனதுதான் அவருக்குத் தெரிந்த வழி.

காவல்காரரின் மனைவி சட்டம் போட்ட படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இந்தப் பல்ல மாட்டிக்கிட்டு மனுசன் கலியாணச் சோறுகூட திங்கல. கழண்டுருமாம்," என்றார். சிரித்தார், அழுதார். யார் இதை மீட்டது என்று கேட்டார். அப்பா அக்காவைக் காட்டினார். "நல்ல கைராசிக்காரப் புள்ளங்க, ஐயா," என்றார் அந்த அம்மா. அப்பா வீதியைப் பார்த்தார். எனக்கோ அந்தச் சொல்லே வேண்டாம் என்றிருந்தது. ராசியில்லை என்று பறித்த கதிரையை ராசி என்று திருப்பிக் கொடுப்பதா? சனிக்கிழமை முழுக்க அந்தப் பிள்ளை பட்ட பாட்டுக்குப் பெயர் ராசியா?

செவ்வாய்க்கிழமை வந்தது. செபம் முடித்து, உப்பைக் கலக்கி, அம்மா போத்தலோடு வந்தார்.

"தெளிக்கத் தெளிக்கத்தான் சரியா வந்திருக்கு. இப்ப நிப்பாட்டக் கூடாது," என்றார்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு அக்காவைப் பார்த்தேன். அக்கா எழுந்தாள். மெஷினுக்கு மேலே பிளாஸ்டிக் விரிப்பை இழுத்து மூடினாள். அம்மாவுக்கு முன்னால் வந்து நின்று இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"மெஷினுக்கு போதும்மா. என் கையில தெளிங்க."

அம்மா அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவற்றுக்கு ராசி இல்லை என்று அப்பா சொன்னபோதெல்லாம் வாய் திறக்காமல் இருந்தவர் அவர். போத்தல் மூடியைத் திறக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது. தெளிக்கவில்லை, ஊற்றினார். ஊற்றிவிட்டு அந்தக் கைகளை எடுத்துத் தன் கண்ணில் வைத்துக்கொண்டார்.

அக்கா பொறுத்து நின்று, அம்மா விட்ட பிறகு, ஒவ்வொரு விரலாகப் பாவாடையில் ஈரம் போகத் துடைத்துவிட்டுத் தன் கதிரையில் போய் உட்கார்ந்தாள்.